மின்சாரக் கடையில் குடும்பஸ்தர்

உப்பும் புளியும் வாங்கக் கடைக்குக் கடை விலை விசாரிப்பது குடும்பஸ்தருக்குப் பழக்கமான காரியம். மின்சாரத்தையும் அவ்விதமே விசாரித்து வாங்க வேண்டுமென்று ஒரு சர்க்கார் ஏற்பாடு செய்துவிட்டால், அதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை? இக்கேள்வி வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவின் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் பெரும்பகுதி ஜனங்களுக்கு 2002-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் இதுவே நடைமுறை. ஹூஸ்டனிலும் டல்லாஸிலும் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல இச்சந்தையில்தான் மின்சாரம் வாங்குகின்றன. நம் நாட்டிலும், ஒரே ஊரில் பல கம்பெனிகள் மின்சாரம் விநியோகிக்க வழிசெய்யும் மசோதா 2022-ல் மக்களவையில் கொண்டுவரப்பட்டது. சபை கலைந்ததும் அம்மசோதா காலாவதியாயிற்று எனினும், அதன் பின்னிருந்த எண்ணம் மறைந்துவிடவில்லை. ஆதலால் டெக்ஸாஸின் அனுபவத்தை நம் நேயர்கள் அறிந்திருப்பது அவசியமென்று கருதுகிறோம்.

முன்னாளில் அங்கும் ஒரே கம்பெனிதான் மின்சாரத்தை உற்பத்தி செய்து, கம்பி வழியே அனுப்பி, வீட்டுக்கு விற்றுப் பணமும் வசூலித்தது. 1999-ல் அந்த ராஜ்யச் சட்டசபை நிறைவேற்றிய சட்டம் இம்மூன்று தொழில்களையும் பிரித்தது. கம்பமும் கம்பியும் மட்டும் ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒரே கம்பெனியின் வசத்தில் இருக்கின்றன. டல்லாஸில் ஆன்கோர், ஹூஸ்டனில் சென்டர்பாயின்ட். இவை வாங்கும் கட்டணத்தைச் சர்க்கார் கமிஷனே நிர்ணயிக்கிறது. சில்லறை வியாபாரத்தில்தான் போட்டி. ஆஸ்டின், ஸான் அன்டோனியோ போன்ற நகரங்கள் தங்கள் நகரசபைகளின் மின்சார ஸ்தாபனங்களைக் கைவிடாமல் போட்டிக்கு வெளியே நின்றுகொண்டன.

இதிலிருந்து முதன்மையான உண்மையொன்று புலப்படும். எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் வீட்டுக்கு வருவது அதே கம்பியில் ஓடும் அதே மின்சாரம். விளக்கு அணைந்தால் வந்து பழுது பார்ப்பவரும் கம்பிக் கம்பெனியாரே. பில் அனுப்பும் வியாபாரியல்லர். ஆகவே, விலை அதிகமான கம்பெனியின் மின்சாரம் அதிக நம்பகமானது என்று எவரேனும் கூறினால் அது பொய். குடும்பஸ்தர் தேர்ந்தெடுப்பது பண்டத்தையன்று, ஒப்பந்தப் பத்திரத்தையே. பத்திரங்களோடு பழகிய வக்கீல்கள் என்ற முறையில், எழுதிக்கொடுப்பவனைவிட ஒப்புக்கொள்பவனே அதிகமாகப் படிக்க வேண்டுமென்பதை நாம் அறிவோம்.

பத்திரத்தின் சூது எங்கே இருக்கிறதென்று ஓர் உதாரணத்தால் காட்டுவோம். மாதம் 500, 1,000, 2,000 யூனிட் செலவானால் சராசரி விலை என்ன என்பதை ஒவ்வொரு கம்பெனியும் ஒரு விவரச் சீட்டில் அச்சிட்டே தீர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் யூனிட்டுக்கு 16 சென்ட் விலை வைத்து, 1,000 யூனிட்டை எட்டினால் 100 டாலர் தள்ளுபடி என்று ஒருவர் எழுதினால் என்ன ஆகும்? சரியாக 1,000 யூனிட் செலவழித்தவருக்கு பில் 60 டாலர். யூனிட்டுக்கு 6 சென்ட்தான். 2,000 செலவழித்தவருக்கு 220 டாலர். யூனிட்டுக்கு 11 சென்ட். 950 யூனிட்டோடு சிக்கனமாக நின்ற வீட்டுக்கோ 152 டாலர். சிக்கனமாய் இருந்த குற்றத்துக்கு இரண்டரை மடங்கு தண்டனை! நம் தமிழ்நாட்டில் செலவு ஏற ஏற வீதமும் ஏறும். ஊதாரிக்குச் சுமை, ஏழைக்குச் சலுகை என்பது அதன் கருத்து. அந்த முறையில் வளர்ந்த நம்மவர் அங்கு சென்று, விளம்பரத்திலுள்ள 6 சென்ட்டைக் கண்டு மயங்குவதில் வியப்பில்லை. இரவில் இலவசம் என்று கூவும் திட்டங்களும் இவ்வகையினவே. இரவின் இனாமைப் பகலின் விலை ஈடுசெய்துவிடும்.

இவை பணப்பைக்கு வரும் சிறு நஷ்டங்கள். 2021 பிப்ரவரியில் நேர்ந்ததோ வேறு. கடும் பனிப் புயலில் மின்சார நிலையங்களும் அவற்றுக்கு வாயு அனுப்பும் குழாய்களும் உறைந்து, நாற்பத்தைந்து லக்ஷத்துக்கு மேற்பட்ட வீடுகளும் ஸ்தாபனங்களும் இருளில் மூழ்கின. 246 பேர் மாண்டதாக அந்த ராஜ்யத்தின் சுகாதார இலாகாவே கணக்கிட்டது. அந்நாட்களில் மின்சாரத்தின் மொத்த விலை அதன் உச்ச வரம்பாகிய மெகாவாட் மணிக்கு 9,000 டாலரில், அதாவது யூனிட்டுக்கு 9 டாலரில், நிறுத்தி வைக்கப்பட்டது. வீட்டு விலை சாதாரணமாகச் சுமார் 12 சென்ட். நிலையான விலைக்கு ஒப்பந்தம் செய்திருந்தவரின் வீதம் அப்போது மாறவில்லை. மாதம் 9 டாலர் 99 சென்ட் சந்தா வாங்கிக்கொண்டு, மொத்த விலையையே அப்படியே வசூலித்த கிரிடி என்னும் கம்பெனியின் வாடிக்கைக்காரர்களுக்கோ சில நாட்களில் ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. அக்கம்பெனி மார்ச்சில் திவாலாயிற்று. அதன் பின்னரே, வீடுகளுக்கு அவ்வகைத் திட்டம் விற்பதைச் சட்டசபை தடைசெய்தது. உச்ச வரம்பும் 2022 முதல் 5,000 டாலராகக் குறைக்கப்பட்டது. பல வருஷம் மலிவாய்க் கொடுத்த திட்டம் ஒரே வாரத்தில் அத்தனையையும் பறித்துக்கொண்டது.

போட்டியை ஆதரிப்போர் கூறும் சமாதானத்தையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. ஒரே கம்பெனியின் ஏகபோகத்தில் சோம்பலும் செருக்கும் மலியும் என்பது உண்மை. பிடிக்காத வியாபாரியை விட்டு விலகும் உரிமை சிறிய உரிமையன்று. கவனமாய்க் கணக்குப் பார்ப்பவர் டெக்ஸாஸில் லாபமடைந்தே இருக்கின்றனர். ஆனால் இந்த லாபம் எவருக்கு? ஓய்வும் படிப்பும் உடையவருக்கு. தள்ளாத முதியவர், ஆங்கிலம் நன்கறியாதவர், இரு வேலை பார்த்து அலுத்து வரும் தாய் ஆகியோர் ஒப்பந்தக் காலம் முடிந்ததைக் கவனியாமல் விட்டால், மாதந்தோறும் மாறும் விலைக்குத் தள்ளப்படுகின்றனர். கடன் நம்பிக்கை இல்லாதவர் முன்பணம் கட்ட வேண்டும். தேர்ந்தெடுக்கத் தெரியாதவனுக்கு அபராதம் விதிப்பதைச் சுதந்திரமென்று அழைக்க நமக்கு மனம் ஒப்பவில்லை.

ஆயினும், சந்தையில் இருப்பவர் சந்தை திருந்தும் வரை காத்திருக்க முடியாது. அங்குள்ள நம் சகோதரர்களுக்குச் சில வார்த்தை. முதலில் உங்கள் வீட்டின் பன்னிரண்டு மாதச் செலவை மீட்டர் கணக்கிலிருந்து எடுத்து எழுதுங்கள். பிறகு விவரச் சீட்டின் வீதத்தைக் கொண்டு ஒவ்வொரு மாதத்துக்கும் நீங்களே பெருக்கிப் பாருங்கள். அவர்கள் அச்சிட்ட சராசரியை நம்ப வேண்டாம். தள்ளுபடி இல்லாத நிலையான விலையை விரும்புங்கள். முடிவுத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அது விலையேறும் கோடையில் விழாதிருப்பது நலம். முடிவுக்கு முந்திய 14 நாட்களில் அபராதமின்றி மாறலாம். வீடு மாறிப் போவோருக்கும் முறிவுக் கட்டணம் இல்லை. புதிய கம்பெனிக்கு மாறிய பின் மனம் மாறினால், பத்திரம் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்துகொள்ளவும் உரிமை உண்டு. வாசலில் வந்து நின்று கையெழுத்துக் கேட்பவரை மறுநாள் வரச் சொல்லுங்கள்.

சர்க்காருக்கும் கடமை உண்டு. தேர்ந்தெடுக்காதவருக்கென்று நியாயமான ஒரு விலை இருக்க வேண்டும். கணக்கைக் குழப்புவதற்கென்றே செய்யப்பட்ட தள்ளுபடிகள் ஒழிய வேண்டும். நம் நாட்டில் இம்முறையைக் கொண்டுவர விரும்புவோர், இவ்விரண்டுக்கும் முன்னதாகவே வழி சொல்லட்டும். புயல் வந்து 246 உயிர் போன பின் சட்டம் திருத்துவது ராஜதந்திரமாகாது. மின்சாரம் இன்று ஆடம்பரப் பொருளன்று. நோயாளியின் மூச்சும் குழந்தையின் பாலும் அதை நம்பியிருக்கின்றன. அதை விற்பவர் எத்தனை பேராயினும் சரி, அதற்குப் பொறுப்பேற்பவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்த ஒருவர் யாரென்று தெளிவாகாத வரையில், கடைகள் பெருகுவதைக் கண்டு நாம் களிகூர்வதற்கில்லை.