வீட்டுப் பட்டறை: மெஷின் ஆடுகிறதா? முதலில் தரையைப் பாருங்கள்!

போன இதழில் கிரைண்டர் பெல்ட் மாற்றுவது பற்றி எழுதினேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு என் ஓரகத்தி சொன்னாள்: "அதெல்லாம் சரி அக்கா, உங்க வாஷிங் மெஷின் போடுற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்குதே, அதை முதல்ல பாருங்க!" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை.

எங்களுடையது திருவையாற்றுப் பக்கம் பழைய ஓட்டு வீடு. நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம். மேலே மூடி திறக்கிற மெஷின் ஒன்று ஆறு வருஷமாகக் கூடத்து மூலையில் சாதுவாக இருந்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். கூடத்தில் தூளி கட்ட வேண்டும் என்று மெஷினைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தினோம். பிடித்தது சனி! துவைக்கும்போது ஒன்றுமில்லை. பிழிகிற கட்டம் வந்ததும் 'தடால் தடால்' என்று அடித்துக்கொண்டு குதிக்க ஆரம்பித்துவிடும்.

ஒரு நாள் நான் அடுப்படியில் இருந்தபோது அது நகர்ந்து நகர்ந்து ஒரு முழம் தள்ளிப்போய், தண்ணீர் போகிற குழாயைப் பிடுங்கிவிட்டது. சோப்புத் தண்ணீர் தாழ்வாரம் பூராவும். பிறந்து இருபது நாள் ஆன குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு மகள் அந்தப் பக்கம் வருகிறாள். என் மாமியார் மட்டும் "அங்கேயே நில்லுடி!" என்று கத்தியிராவிட்டால்... நினைத்தால் இப்போதும் அடிவயிறு கலங்குகிறது.

மெக்கானிக் தம்பி வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார், ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "பேரிங் போச்சுங்க அக்கா. ஒன்பதாயிரம் ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். எல்லா மெக்கானிக்கும் அப்படி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இடம் மாற்றிய அன்றைக்கே பேரிங் எப்படிப் போகும்? ராத்திரியெல்லாம் இதே யோசனை.

காலையில் ஒரு தட்டை மெஷின் மேல் வைத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். முற்றத்துப் பக்கமாகத் தண்ணீர் வழிந்தது! அட, நம் ஊர்த் தாழ்வாரத்தை மழைத்தண்ணீர் முற்றத்தில் இறங்கட்டும் என்று வாட்டம் வைத்துத்தானே கட்டியிருக்கிறார்கள்! மாடியிலும் குளியலறையிலும் மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே கதைதான், அங்கேயும் தரை சாய்வாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தேன். குமிழ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

மெஷினுக்கு அடியில் நான்கு கால் இருக்கிறது பாருங்கள், அது திருகாணிக் கால். கழற்றுகிற பக்கம் திருப்பினால் கால் நீளும், முடுக்கினால் குட்டையாகும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒருவர் மெஷினைச் சற்றே சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் ஸ்பேனரால் திருப்ப வேண்டும். ஒற்றை ஆளாகச் செய்யாதீர்கள், பிள்ளை பெற்ற பெண்கள் சாய்த்துப் பிடிக்கவே வேண்டாம். மட்டம் வந்ததும் எதிரெதிர் மூலைகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். 'டக்' என்று ஆடினால் ஒரு கால் தரையைத் தொடாமல் நிற்கிறது என்று அர்த்தம். நான்கும் பதிந்த பிறகு, காலில் இருக்கிற நட்டை மெஷின் உடம்போடு சேர்த்து இறுக்கிவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். அட்டையை மடித்து முட்டுக் கொடுக்கிற வேலையெல்லாம் ஈரம் பட்டால் நிற்காது. செங்கல் வைப்பது அதைவிட ஆபத்து. சக்கரம் வைத்த ஸ்டாண்டு விற்கிறார்களே, அது பெருக்குவதற்கு வசதிதான், ஆனால் பாதி வீடுகளில் ஆட்டத்துக்கே அதுதான் காரணம்.

இத்தனை செய்தும் ஆட்டம் முக்கால்வாசிதான் நின்றது. மீதிக்குக் குற்றவாளி நான்தான்.

நம் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைப் பாருங்கள். அடிப்பக்கம் கனம், அதனால் எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கிறது. மெஷினுக்குள் இருக்கிற தொட்டி அப்படி உட்கார்ந்திருக்கவில்லை. நான்கு மூலையிலிருந்து நான்கு கம்பியில், ஸ்பிரிங்கோடு, ஊஞ்சல் மாதிரி தொங்குகிறது. துணிக்கூடையின் மேல் விளிம்பில் ஒரு வளையம் உண்டு. அதற்குள் உப்புத் தண்ணீர் அடைத்திருக்கும். துணி ஒரு பக்கம் சேர்ந்தால் அந்தத் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடிச் சரிக்கட்டும். (முன்பக்கம் கதவு வைத்த மெஷினில் தலையாட்டி பொம்மை மாதிரியே கனத்துக்குக் கான்கிரீட் கட்டி வைத்திருக்கிறார்கள்!) ஆனால் நிமிஷத்துக்கு 700 சுற்றுப் போலச் சுற்றும்போது, நனைந்த ஜமக்காளம் ஒன்றே ஒன்று ஒரு பக்கமாகக் கிடந்தால் அந்த வளையம்தான் என்ன செய்யும்?

நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். ஒற்றைப் போர்வையைப் போட்டுப் பிழிய விடுவேன். இப்போது பூத்தொடுக்கிற மாதிரி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போடுகிறேன். புடவையையும் எட்டு முழ வேட்டியையும் மடித்துத் தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுகிறேன், மற்றதோடு முறுக்கிக்கொள்வதில்லை. ஜமக்காளம் மறுபடி கல்லுக்கே போய்விட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் என் பிறந்த வீட்டில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது துவைத்த கைதானே இது.

இளம் தாய்மார்கள் இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். குழந்தைக்கு விரிக்கிற ரப்பர் ஷீட், மழைக்கோட்டு, பிளாஸ்டிக் மேஜைவிரிப்பு, இந்த மாதிரி தண்ணீர் ஊறாத எதையும் மெஷினில் பிழியப் போடாதீர்கள். அதற்கு அடியில் தண்ணீர் தேங்கிக்கொண்டு போக வழியில்லாமல் நின்றுவிடும். கூடை வேகமெடுத்த பிறகு அது ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்ந்தால் மெஷினே தூக்கியடிக்கும். விளையாட்டில்லை. அமெரிக்காவில் 2016 நவம்பரில் சாம்சங் கம்பெனி, மேலே திறக்கிற மெஷின்கள் சுமார் 28 லட்சத்தைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுக்க வேண்டி வந்தது. பிழியும்போது ஆட்டத்தில் மேல்மூடியே பிய்த்துக்கொண்டு வரலாம் என்பதுதான் காரணம். கனத்த துணிக்கும் தண்ணீர் ஊறாத துணிக்கும் மெதுவான சுற்றையே வைக்கும்படி அங்கே எல்லோருக்கும் சொன்னார்கள். ரப்பர் ஷீட்டைக் கையால் அலசிக் கொடியில் போட ஐந்து நிமிஷம் ஆகுமா?

ஆட்டம் நின்றது. துவைக்கும்போது மட்டும் 'கடகட' என்று ஒரு சத்தம். கூடையின் அடியில் சுற்றுகிற தட்டு இருக்கிறதே, அதன் நடுவில் ஒரு திருகு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைக் கழற்றி, தட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் பாவாடை நாடாவைக் கொடுத்து நேராகத் தூக்கினேன். உள்ளே என்ன தெரியுமா? ஊக்கு மூன்று, இரண்டு ரூபாய்க் காசு ஒன்று, சட்டைப் பொத்தான்கள், அப்புறம் ஒரு கைப்பிடி நெல்! வீட்டுக்காரர் களத்திலிருந்து வேட்டி மடிப்பில் கொண்டுவந்த சம்பா நெல். "விதைக்கு வச்சிருந்தேன்" என்று சிரிக்கிறார் மனுஷர்.

உங்கள் வீட்டில் இதெல்லாம் செய்தும் குதித்தால், தொட்டியைக் கையால் கீழே அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒரு தரம் மேலே வந்து நின்றுவிட்டால் தொங்கு கம்பி நன்றாக இருக்கிறது. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தாலோ, தொட்டி ஒரு மூலையில் தாழ்ந்திருந்தாலோ கம்பி தளர்ந்துவிட்டது. நான்கையும் சேர்த்து மாற்றுவதுதான் சரி. முன் கம்பியும் பின் கம்பியும் வேறு வேறாக இருக்கலாம், மாடல் நம்பரைக் காட்டி வாங்குங்கள். 'கிறீச்' என்கிறது என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், ரப்பர் கெட்டுப்போகும். வெறும் கூடையைக் கையால் சுற்றும்போதே கரகரவென்று அரைத்தால் அப்போதுதான் பேரிங். அது நம் வேலை இல்லை, ஆளைக் கூப்பிடுங்கள். முன்கதவு மெஷின் புதிதாக வாங்கியவர்கள், லாரியில் ஆடாமல் இருக்க முதுகில் போட்டிருக்கிற போல்ட்டுகளைக் கழற்றியாயிற்றா என்று முதலில் பாருங்கள். கழற்றியதை எறிந்துவிடாதீர்கள், வீடு மாறும்போது வேண்டும்.

ஒன்று விட்டுவிட்டேன். தை, மாசியில் அறுப்பு முடிந்து நெல் வீட்டுக்கு வந்தால் எலியும் கூடவே வரும். மெஷினின் அடிப்பக்கம் திறந்திருந்தால் அதற்கு அரண்மனை! ஒயரின் உறையைக் கடித்துவிட்டால் மெஷின் உடம்பிலேயே கரண்ட் பாயும். அடியில் போட கம்பி வலை கடையில் கிடைக்கிறது, கட்டாயம் போடுங்கள். மூன்று கம்பி பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துபோகும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வாருங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். பக்கத்திலேயே ஒரு கனகாம்பரச் செடியும் வைத்துவிட்டார், அதுவும் நன்றாகப் பூக்கிறது.