விதைக்கு விடும் வெங்காயத்துக்கு மருந்து வேண்டாம்

வெங்காயச் செய்கைக்கு வளர்ச்சி சீராக்கிகளைப் பரிந்துரைப்போரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: தெளிக்கப்போவது சந்தைக்கான வெங்காயத்துக்கா, விதைக்கான வெங்காயத்துக்கா?

உலகில் பல நாடுகளில் பயன்படும் மலேயிக் ஐதரசைட்டை எடுத்துக்கொள்வோம். அறுவடைக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்னர், தாள் பச்சையாக இருக்கும்போதே இதனைத் தெளிப்பர். அது தாள்வழியே குமிழுக்கு இறங்கிக் கலப்பிரிவைத் தடுக்கும். வெங்காயம் மாதக்கணக்கில் முளைக்காமல் இருக்கும். காலம் முந்தித் தெளித்தால் குமிழின் உறுதி கெடும். தாள் காய்ந்தபின் தெளித்துப் பயனில்லை.

பெரிய வெங்காயத்தை விதையிட்டு நாற்றாக்கி நடும் தம்புள்ளைப் பகுதியில், விற்பனைக்கு வைத்திருக்கும் விளைச்சலுக்கு இது உதவக்கூடும். யாழ்ப்பாணத்தின் நிலை வேறு. இங்கு சின்ன வெங்காயத்தின் குமிழே பெரும்பாலும் விதை. பிடியாகக் கட்டித் தொங்கவிடும் வெங்காயத்தில் ஒரு பங்கு அடுத்த போகத்துக்கு மண்ணுக்குள் போகவேண்டியது. மருந்து ஏறிய குமிழை நட்டால் பயிர் ஒழுங்காக எழாது. பார்வைக்கோ வேறுபாடு எதுவும் தெரியாது.

விஞ்ஞானத்தை நான் மறுக்கவில்லை. விதைக்குரிய பாத்திகளை முதலில் ஒதுக்குங்கள். மருந்திட்டதை விற்கும்போது சொல்லி விற்றுவிடுங்கள். இவ்விரண்டையும் வலியுறுத்தாத விவசாய ஆலோசனை, கடன்பட்டு விதை வாங்கும் கமக்காரரின் ஒரு போகத்தையே அழித்துவிடும்.