வானவில் போடுற தூதரகங்களிடம் கேட்க வேண்டியது

ஜூன் மாதம் வந்தால் கொழும்பில சில தூதரகங்களின் ஃபேஸ்புக் பக்கங்கள் வானவில் நிறமாகும். வேற எங்கயாவது பால்புதுமையினருக்கு எதிரா சட்டம் வந்தால் கண்டன அறிக்கை வரும். 2023 மே மாதம், மரண தண்டனை வரைக்கும் போற சட்டமொன்றில உகண்டாவின் முசேவேனி கையெழுத்து வைத்தார். ஓகஸ்ட்டில உலக வங்கி புதுக் கடன்களை நிறுத்தியது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா காசு நின்றால் பழி யார் தலையில விழும்? அங்க உள்ள பால்புதுமையினர் தலையிலதான். 2011இல் டேவிட் கமரூன் உதவியை வெட்டுவோம் என்று சொன்னபோது, ஆபிரிக்கச் செயற்பாட்டாளர்கள் கூட்டாகச் சொன்னதும் இதைத்தான்.

எங்கட நாட்டில நடந்தது வேற. 2017 ஜனவரியில, மனித உரிமைகள் செயற்திட்ட வரைவில பாலியல் நாட்டம் பற்றி இருந்த பகுதியை அமைச்சரவை தூக்கிப் போட்டது. அதே வருசம் மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் ஜீ.எஸ்.பி. பிளஸ்ஸைத் திருப்பித் தந்தது. தந்தது பிழை என்று நாங்க சொல்லல்ல. மறித்திருந்தால் கட்டுநாயக்கவில தையல் மெஷினுக்கு முன்னால இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் அடி. அவங்களுக்குள்ளயும் பெண்ணை நேசிக்கிற பெண்கள் இருக்காங்க.

அப்ப தூதரகம் என்னதான் செய்யணும்? இங்க இருந்து போன குரலைத் தூக்கிப் பிடிக்கலாம். ரொசானா ஃப்ளேமர் கல்தேரா ஐ.நா.வின் பெண்களுக்கான குழுவிடம் முறைப்பாடு செய்தார். 365அ பிரிவு பெண்களின் உரிமையை மீறுது, அந்தக் குற்றத்தை நீக்குங்க என்று 2022இல் குழு இலங்கைக்குச் சொன்னது. 'இதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதி' என்கிறவங்களுக்கு ஒன்று: வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன அந்தப் பிரிவில முதல்ல ஆண்கள் மட்டும்தான். 1995இல் எங்கட பாராளுமன்றம்தான் 'நபர்' என்று மாத்திப் பெண்களையும் உள்ளே இழுத்தது. அதை மாத்துற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொல்லியும் அது நிறைவேறல்ல.

பிலிமத்தலாவையில ஒரு போடிங்ல இருந்து ரெண்டு பையன்களை அடிச்சு வெளியே தள்ளினா, அவங்க பொலிசுக்குப் போவாங்களா? முறைப்பாடு குடுக்கப் போனவனே குற்றவாளியா ஆகிற பயம் இருக்கே. தூதுவர் எங்கட அமைச்சரைச் சந்திக்கும்போது அந்த 2022 தீர்மானத்தை மேசையில வச்சு, எப்ப செய்வீங்க என்று ஒவ்வொரு தடவையும் கேட்கட்டும். ஃபோட்டோ தேவையில்ல.

கூடவே, தப்பி வாறவங்களுக்குத் தங்கட நாட்டுக் கதவு எப்படி என்பதையும் பார்க்கட்டும். 'திரும்பிப் போய் வெளியில தெரியாம வாழலாம்' என்று சொல்லி பிரித்தானியா தஞ்சம் மறுத்துக்கொண்டிருந்தது. அது பிழை என்று அவங்கட உச்ச நீதிமன்றம் சொன்னதே 2010 ஜூலையிலதான்.