ரோஷத்துக்குத் தள்ளுபடி

தில்லி ஜங்புராவை ஒட்டி, பாராபுல்லா வாய்க்கால் கரையில் மதராசி கேம்ப் இருந்த காலம் (2025 ஜூன் 1 அன்று இடித்துவிட்டார்கள்). வீட்டு வேலை முடித்து வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அக்காவுக்கு இத்தாலியப் படம் ஒன்றின் கதையைச் சொன்னேன்.

பியத்ரோ ஜெர்மி 1961-இல் எடுத்த ‘டிவோர்ஸ் இத்தாலியன் ஸ்டைல்’. திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கிய படம். சிசிலியில் நொடித்துப்போன ஒரு பிரபு. மனைவி அலுத்துவிட்டாள், உறவுக்காரப் பெண் மேல் ஆசை. விவாகரத்து செய்யலாமே? இத்தாலியில் அந்தச் சட்டம் 1970-இல்தான் வந்தது. ஆனால் கள்ள உறவைக் கண்ட ஆத்திரத்தில் மனைவியைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு தண்டனைதான். ஆகவே கணவனே மனைவிக்குக் காதலனை ஏற்பாடு செய்கிறான். கோர்ட்டில் தன் வக்கீல் முழங்கப்போகும் வசனத்தை மனத்துக்குள் முன்கூட்டியே கேட்டு ரசிக்கிறான். இல்லாத பொறாமைக்கு ஒத்திகை!

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

இத்தாலியைப் பார்த்து நாம் ரொம்பவும் சிரிக்க முடியாது. அதே 1961-இல்தான் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரியைக் குற்றவாளியல்ல என்றார்கள் பம்பாய் ஜூரிகள். உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. ‘திடீர் ஆத்திரம்’ என்ற வாதத்தை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. விஷயம் தெரிந்ததற்கும் சுட்டதற்கும் நடுவே ஏறத்தாழ 3 மணி நேரம். கோபம் ஆற அது போதும் என்றது. ஆனால் ஊர் அனுதாபம் அவர் பக்கம். 1964-இல் மன்னிப்பும் கிடைத்தது.

இத்தாலி தன் சட்டப் பிரிவை 1981-இல் நீக்கியது. மனைவி மட்டுமல்ல, மகளையும் சகோதரியையும் கொன்றவனுக்கும் அது சலுகை தந்தது. காரணம், குடும்ப ‘கௌரவம்’. நம் பத்திரிகைகளும் சாதிக்காக மகளைக் கொன்றதை நெடுநாள் ‘கௌரவக் கொலை’ என்றே எழுதின. இப்போது ‘ஆணவக் கொலை’ என்கிறோம். மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிந்தியதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

பிரபு சிறையிலிருந்து வந்து ஆசைப்பட்டவளை மணக்கிறான். கடைசிக் காட்சியில், படகில், அவள் கால் படகோட்டியின் காலைத் தேடுகிறது. இங்கே அக்கா இன்னொரு முறை சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“கொன்னவனுக்கு வக்கீல் பேசினான், சரி. செத்தவளுக்காக யாரு பேசினா?”