உலகக் கல்வி கொழுந்து மடுவத்திலிருந்து தொடங்கட்டும்



இடைநிலை வகுப்புகளில் படிப்பிக்கும் எங்களுக்குக் கடந்த தவணையில் 'உலகக் கல்வி' பற்றி ஒருநாள் செயலமர்வு நடந்தது. காலநிலை மாற்றம், மனித உரிமை, நியாய வர்த்தகம் எல்லாவற்றையும் வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. ஆளுக்கொரு கோவையோடு திரும்பினோம்.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதே பேச்சுத்தான். "பாடத்திட்டத்தையே முடிக்க முடியவில்லை, இதில் உலகம் வேறா?" என்றார் விஞ்ஞான ஆசிரியர். அவர் சொன்னதில் பிழை இல்லை. கணிதத்துக்கு ஆள் இல்லாததால் அந்தப் பாடவேளைக்கும் அவர்தான் போகிறார். இன்னொருவர், இதெல்லாம் கொழும்புச் சர்வதேசப் பாடசாலைகளுக்கு உரியது என்றார். அதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

நம்மைவிட உலகத்தோடு நெருங்கியவர் யார்? நம் அம்மாமார் பறிக்கும் கொழுந்து தூளாகி, 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்துக்குப் போய், ஈராக்குக்கும் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் கப்பலேறுகிறது. நம் முன்னோர் இந்த மலைக்கு வந்த அதே நூற்றாண்டில்தான் மொரீசியசுக்கும் பீஜிக்கும் தென்னாபிரிக்காவுக்கும் நம்மைப் போன்றவர்களை வெள்ளைக்காரர் கொண்டுபோனார்கள். 1948 இல் சட்டம் போட்டு நம்மை நாடற்றவர் ஆக்கினார்கள். 1964 இல் இரு நாட்டுத் தலைவர்களும் நம்மைக் கேட்காமலே, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மனித உரிமையை நம் பிள்ளைகள் கோவையைப் பார்த்தா படிக்க வேண்டும்? லயத்தில் தாத்தாவைக் கேட்டால் போதாதா?

தரம் 10 புவியியல் பாடத்தில், இலங்கைத் தேயிலையோடு கென்யாவின் கெரிச்சோவையும் வரைபடத்தில் காட்டினோம். அங்கேயும் வெள்ளைக்காரர் தொடங்கிய தோட்டங்கள்தான். வேலை பறிபோகிறது என்ற கோபத்தில் 2023 இல் அங்கே கொழுந்து பறிக்கும் இயந்திரங்களை எரித்தார்கள் என்று சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழும்பி, "எங்க தோட்டத்திலயும் மெஷின் வந்திருக்கு சேர். அம்மாவுக்கு வேலை இருக்குமா?" என்று கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. முந்திய வாரம் மூன்று நாள் வராத பிள்ளை அவள். அடுத்த நாள் வந்தாள். ஒரு பாடத்தால்தான் வந்தாள் என்று சொல்லமாட்டோம், ஆனால் விட்ட கேள்வியோடுதான் வந்தாள்.

இதற்குப் பிரொஜெக்டர் வேண்டாம். சுவரில் ஓர் உலகப்படம், கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நிரந்தர ஆசிரியர்கள், இவை போதும். விஞ்ஞான ஆசிரியருக்குத் தன் பாடத்தைப் படிப்பிக்க நேரம் கிடைத்தால், மழை ஏன் காலம் தவறுகிறது என்பதையும் அவரே சொல்லிக்கொடுப்பார்.

சம்பளத்துக்கும் வீட்டுக்கும் குரல் கொடுக்கும் நம் கிளைக் கூட்டங்களில் பாடசாலை பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது, அதுவும் நேரம் இருந்தால். சாதாரண தரம் முடிந்த கையோடு பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பும் வழக்கத்தையும் அங்கேதான் பேச வேண்டும். ஆசிரியர் வெற்றிடங்களைத் தோட்டவாரியாக எழுதி, அடுத்த மாவட்டக் கூட்டத்தில் கோரிக்கையாக வைக்கப்போகிறோம். ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் அதில் கையெழுத்திட வேண்டும். எந்த வகுப்பில் எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை என்பதை இன்றிரவே உங்கள் பிள்ளைகளிடம் கேட்டு எழுதி வையுங்கள்.