வேலிக்குக் காவல் நாயா?

பெங்களூரு பரப்பன அக்ரகார மத்தியச் சிறை செய்தியாகும் ஒவ்வொரு முறையும் ஒரே சடங்கு நிகழ்கிறது. ஒரு புகைப்படமோ காணொளியோ வெளிவருகிறது. அமைச்சர் சினம் கொள்கிறார். சில அலுவலர்கள் இடமாற்றப்படுகிறார்கள். அதன்பின் பாதுகாப்பை ‘வலுப்படுத்தும்’ கருவிகளின் பட்டியல் வாசிக்கப்படுகிறது: ஜாமர், கேமரா, ஸ்கேனர், நாய். இப்பட்டியலின் கடைசிப் பெயரைப் பற்றியே இப்பதிவு. சிறை வளாகத்துக்குள் காவல் நாய்களைச் சுற்றுக்காவலுக்கு விடலாம் என்ற யோசனையை, கல்விப்புலத்தைச் சேர்ந்த நண்பர்கள் சிலரும் செலவு குறைந்த, கறைபடாத தீர்வாகக் கருதுகிறார்கள். அவர்களோடு நான் முற்றிலும் முரண்படுகிறேன்.

முதலில் நோயை அறிவோம். 2017 ஜூலையில் அன்றைய சிறைத்துறை டி.ஐ.ஜி. டி. ரூபா அளித்த அறிக்கை, இச்சிறையில் வி.கே. சசிகலாவுக்குச் சிறப்புச் சலுகைகள் வழங்கப்படுவதாகவும் அதற்காக ரூ.2 கோடி கைமாறியதாகப் பேச்சு இருப்பதாகவும் கூறியது. உயரதிகாரிகள் மறுத்தனர். ஆயினும் ஓய்வுபெற்ற இ.ஆ.ப. அதிகாரி வினய் குமார் நடத்திய விசாரணை, சலுகைகள் வழங்கப்பட்டதை உறுதிசெய்தது. அறிக்கை தந்த சில நாட்களிலேயே ரூபா வேறு பணிக்கு மாற்றப்பட்டார். 2024 ஆகஸ்டில், கொலை வழக்கு விசாரணைக் கைதியான நடிகர் தர்ஷன் சிறைப் புல்வெளியில் நாற்காலியிட்டு, கையில் சிகரெட்டும் கோப்பையுமாக அமர்ந்திருந்த படம் வெளியானது. 2025 ஜூலையில், கைதிகளுக்குக் கைபேசி கடத்திய குற்றச்சாட்டில் சிறையின் மனநல மருத்துவர் ஒருவரைத் தேசியப் புலனாய்வு முகமை கைதுசெய்தது. அதே ஆண்டு நவம்பரில், கைதிகள் கைபேசியும் கையுமாக இருக்கும் காணொளிகள் நாடெங்கும் பரவின.

இவற்றுள் எது நாய் இல்லாமையால் நிகழ்ந்தது? யாரும் மதிலேறித் தப்பவில்லை. கலகம் செய்து வாயிலை உடைக்கவில்லை. நாற்காலி தானாக நடந்து புல்வெளிக்கு வந்துவிடாது. சிறையின் குறை மதிலின் உயரத்தில் இல்லை. மதிலின் கதவைத் திறக்கும் கையில் இருக்கிறது. வேலியே பயிரை மேய்கிறது என்று தெரிந்தபின், அந்த வேலிக்குத் துணையாக நாயைக் கட்டுவது என்ன மருத்துவம்?

“நாய் லஞ்சம் வாங்காது” என்பது இத்தரப்பின் மிகக் கவர்ச்சியான வாதம். உண்மைதான், நாய் வாங்காது. ஆனால் நாய் எந்தத் தொகுதிக்குள் போக வேண்டும், எந்த அறையைத் தாண்டிச் செல்ல வேண்டும், எப்போது வாரை இழுக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவுசெய்வது நாயன்று. வாரின் மறுமுனையில் ஒரு மனிதக் கை இருக்கிறது. 2011இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 18 மோப்பநாய்க் குழுக்களைச் சோதித்தனர். சோதனை இடத்தில் போதைப்பொருளோ வெடிமருந்தோ எதுவும் வைக்கப்படவில்லை. ஆனால், சில இடங்களில் ஒட்டியிருந்த சிவப்புத் தாள் மறைபொருளைக் குறிப்பதாக நாயின் பயிற்றுநர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒன்றுமில்லாத இடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட ‘கண்டுபிடிப்புகள்’ பதிவாயின. பயிற்றுநரின் நம்பிக்கை நாயின் மூக்குவழியே சான்றாக மாறுகிறது. சாதி, மதம், வர்க்கம் சார்ந்த முன்முடிவுகள் மலிந்த நம் சிறைகளில் அந்த நம்பிக்கை யார்மீது படியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிறைக் கையேடுகளில் வேலைப் பிரிவினையைச் சாதியின்படி வகுத்த விதிகளை உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானவை என்று அறிவித்ததே 2024 அக்டோபரில்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். மோப்ப நாய் வேறு, காவல் நாய் வேறு. பிரிட்டிஷ் சிறைகளில் கைபேசியை மோந்து கண்டறியும் நாய்கள் நெடுங்காலமாகப் பணியாற்றுகின்றன. பொருளைத் தேடும் நாயை நான் எதிர்க்கவில்லை. சுற்றுக்காவல் நாயின் வேலை தேடுவதன்று, அச்சுறுத்துவது. அதன் பயன் அதன் பல்லில் இருக்கிறது. அந்தப் பல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாறு சாட்சி. 1963 மே மாதம் பர்மிங்காமில் உரிமை கேட்ட கறுப்பின இளைஞர்கள்மீது காவல் நாய்கள் ஏவப்பட்டன. அபு கிரைப் சிறையில் கைதிகளை நாய்களைக்கொண்டு மிரட்டியதற்காக அமெரிக்க இராணுவத்தின் நாய்ப் பயிற்றுநர் இருவர் 2006இல் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அதே ஆண்டு ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, அறையைவிட்டு வெளிவர மறுக்கும் கைதிகள்மீது நாயை ஏவ அமெரிக்காவின் ஐந்து மாநிலங்கள் அனுமதிப்பதை ஆவணப்படுத்தியது. அக்கைதிகள் ஏற்கெனவே பூட்டிய அறைக்குள் இருந்தவர்கள் என்பதை நினைவிற்கொள்க.

நம் சிறைகளில் இருப்பவர் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். நாய் குரைக்கப்போவது புல்வெளியில் நாற்காலி கிடைத்தவரை நோக்கியன்று. ஜாமீன் தொகை கட்ட வழியின்றி, நெரிசலான கொட்டடியில் ஒருக்களித்துப் படுத்திருப்பவரை நோக்கித்தான்.

ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட நாய் உதவும் என்பது இன்னொரு வாதம். இதில் கணக்கே பிழை. ஒவ்வொரு நாய்க்கும் பயிற்சி பெற்ற காவலர் ஒருவர் வேண்டும். கொட்டில், கால்நடை மருத்துவர், ஓய்வு வேளை எல்லாம் வேண்டும். பற்றாக்குறையான ஊழியருள் சிலரை நாயோடு அனுப்பிவிட்டு, எஞ்சியவரைக்கொண்டு சிறையை நடத்துவதற்குப் பெயர் சிக்கனம் அன்று.

மாற்று என்ன என்று கேட்பீர்கள். அது புதிதன்று. 1979 டிசம்பரில் சுனில் பத்ரா வழக்கின் இரண்டாம் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்ததும் இதே நோயைத்தான்: திகார் சிறையில் ஒரு வார்டர், கைதியின் உறவினர்களிடம் பணம் பறிப்பதற்காக அக்கைதியைக் கொடூரமாக வதைத்தார் என்பது புகார். நீதிபதி கிருஷ்ண ஐயர் அதற்கு நாயைப் பரிந்துரைக்கவில்லை. வெளியார் கண் உள்ளே செல்ல வேண்டும் என்றார்: வழக்கறிஞர்களின் வருகை, நீதிபதிகளின் ஆய்வு, கைதிகள் அஞ்சாமல் முறையிடக் குறைதீர் பெட்டி.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. சிறைக்குள் காவல் நாய் வேண்டா. மோப்ப நாய் வேண்டுமெனில் அது முதன்மை வாயிலில் நிற்கட்டும். கண்காணிப்பாளர், மருத்துவர், வார்டர் என எவருக்கும் விலக்கின்றி, உள்ளே நுழையும் அனைவரையும் அது மோந்து பார்க்கட்டும். காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். பார்வையாளர் குழுவின் அறிக்கைகளை வெளியிடுங்கள். முறைகேட்டை எழுத்தில் வைக்கும் அதிகாரியை இடமாற்றாதீர்கள்.

முதன்மை வாயில் நாய்க்கு இசைய மறுத்து, கொட்டடி நாய்க்கு மட்டும் நிதி ஒதுக்கும் அரசு எதைப் பாதுகாக்க விரும்புகிறது என்பதை அதன்பின் நாம் விவாதிக்க வேண்டியிராது.