பொட்டலமிடும் யந்திரம்

பால்மரக் காட்டை விட்டு ரப்பர் கையுறைத் தொழிற்சாலைகளுக்குப் போன நம் பிள்ளைகள் பலர், கையுறைகளை நூறு நூறாக எண்ணிப் பெட்டியில் அடுக்கிச் சம்பாதித்தார்கள். எண்ணவும், அடுக்கவும், பெட்டியை மூடவும் இன்று யந்திரம் வந்துவிட்டது.

நமக்கு இது புதிதல்ல. 1965இல் தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர் திட்டம் வந்தது. சுமார் 33 கிலோ கட்டிகளாக அழுத்தி பிளாஸ்டிக்கில் சுற்றும் முறை பரவிய இடங்களில், புகைக்கூடத்து ஷீட்டைத் தரம் பிரித்துச் சிப்பம் கட்டிய கைகளுக்கு வேலை குறைந்தது.

யந்திரத்தை நாம் எதிர்க்கவில்லை. நாளெல்லாம் நின்றுகொண்டே எண்ணும் வேலையின் சுகம் நம் பெண்களின் முழங்காலுக்குத் தெரியும்! அது வருமுன் தொழிலாளரிடம் சொல்லுங்கள், அதை இயக்கக் கற்பிக்கும்போது அங்குள்ளோருக்கே முதலிடம் கொடுங்கள் என்றுதான் நிர்வாகங்களைக் கேட்கிறோம்.

ஆட்குறைப்பு நட்ட ஈடு பற்றிய 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, 5 ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் உண்டு. 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள். அதற்கும் குறைந்தால் 10 நாள். தொடர்ந்து 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். ஆனால், "நானாகவே விலகுகிறேன்" என்ற தாளில் கையெழுத்திட்டவருக்கு இந்த ஈடு கிடையாது. பன்னிரண்டு ஆண்டு உழைத்தவருக்கு அந்த ஒரு கையெழுத்தின் விலை 240 நாள் சம்பளம்.

தொழிற்சாலையில் மகனோ மகளோ உள்ள பெற்றோர் இதை இன்றே அவர்களிடம் சொல்லுங்கள். எந்தத் தாள் வந்தாலும் கையெழுத்திடுமுன் சங்கக் கிளையில் காட்டட்டும். கிராணிமார்களே, தோட்டத்தில் யார் கொண்டுவந்தாலும் வாசித்துப் பொருள் சொல்லுங்கள்.